விதை பங்களாப் பாட்டி

விஷ்ராந்த்வாடி, புனே
3.11.2025

ஏனுங்க,

உறையின் மேல் உங்கள் பெயரை முழுசாக எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து 'ஏனுங்க' என்று கூப்பிட்டே காலம் ஓடிவிட்டது. தபால்காரருக்கு அது போதாதே. அதனால் பக்தவத்சலம் என்று எழுதி, பக்கத்திலேயே மின்வாரிய உதவிச் செயற்பொறியாளர், ஓய்வு என்றும் போட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் கடிதத்தைக் கையில் வாங்க மாட்டீர்கள்.

"ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டுட்டுப் பேசு" என்று போனை வைத்தீர்கள். சரி. ஆனால் குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து எதற்கு விலகினீர்கள்? நம் பையன் நிர்மல் சேர்க்கச் சேர்க்க வெளிநடப்பு செய்கிறீர்கள். அது என்ன சட்டசபையா? நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு விதத்தில் இதுவும் நல்லதுதான். போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், சொல்ல வந்த விஷயம் நடுவில் நின்றுவிடும்.

"பார்க்கில வெட்டியாச் சுத்தறதுக்கா உன்னைய அங்க அனுப்பினேன்?" என்று கேட்டீர்கள் அல்லவா? அது பார்க் இல்லை. அதாவது பார்க்தான், ஆனால் உள்ளே ஒரு கட்டடம் இருக்கிறது. கேம்ப் என்கிற கன்டோன்மென்ட் பகுதியில், பழைய தோட்டம் ஒன்றின் நடுவில். வெள்ளைக்காரன் காலத்தில் சீமையிலிருந்து வந்த காய்கறி, பூ விதைகளை அங்கேதான் வைத்து முளைக்கப் போட்டுப் பார்ப்பார்களாம். விதை பங்களா என்று பெயர். கல் சுவர், ஓட்டுக் கூரை, வராந்தா முழுக்கக் கலர்க் கண்ணாடி. ரொம்ப வருஷம் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்துவிட்டு, இப்போது பழுது பார்த்து, தோட்டத்தின் பாரம்பரிய மையம் என்று திறந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பெரிய தேக்கு அலமாரி. சின்னச் சின்ன இழுப்பறைகள். எதை வேண்டுமானாலும் இழுத்து, உள்ளே இருக்கும் விதையை மோந்து பார்க்கலாம்.

மருமகள் வைஷு வேலைக்குப் போக ஆரம்பித்ததால் பேத்தி மீனுவைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். சும்மா வாயில் வந்ததைக் கதையாகச் சொன்னேன். இந்த இழுப்பறையில் ஒரு ராணி மூக்குத்தியை ஒளித்து வைத்தாள், அந்தக் கண்ணாடி உடைந்தது ஒரு குரங்கால் என்று. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஒரு பட்டாளமே நிற்கிறது! சாங்வியிலிருந்து வந்த தமிழ் ஐ.டி. குடும்பங்கள். நான்தான் வழிகாட்டி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் கேட்கிறார், "மேடம், அந்த ராணி எந்த வம்சம்?" நிறுத்தத் தோன்றவில்லை. நாயக்கர் என்று சொல்லிவிட்டேன்.

நிர்வாகி அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "உண்மையைக் கத்துக்கிட்டு இதே மாதிரி சொல்லுங்க, பேட்ஜ் தர்றேன்" என்று இந்தியில் சொன்னார். அப்புறம் இரண்டு மாதம் படித்தேன். உண்மை நான் சொன்ன கதையைவிட நன்றாகவே இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சுற்று என்னுடையது. அடுத்த வருஷம் முழுக்க நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறார். டிசம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு ஆசையாக இருக்கிறது. ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அப்புறம் பேசலாம்.

வந்தால் வாசலில் பாட்டியைப் பார்த்துத்தான் உள்ளே வர வேண்டும். இந்த ஊர்ப் பாட்டி என்றால் சும்மா இல்லை, வாய்க்குப் பேர்போனது. 'கண்ணாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், அது கண்ணாடிதான்' என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லும். அடுத்ததைப் பார்த்ததும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது: 'ஓய்வு பெற்ற ஆண்கள் இந்தக் கட்டடத்தின் குறைகளைத் தங்கள் மனைவியிடம் சொல்லவும். எங்களுக்கு அவை ஏற்கெனவே தெரியும்.'

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மல்லிகா

பீளமேடு, கோயம்புத்தூர்
11.11.2025

மல்லிகா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நீ இல்லாததால் எந்தக் குறையும் இல்லை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதை மட்டும் எழுது. மூன்று நாள் முன்னால் ரசத்தில் போட்டது சோடா உப்பு என்று பக்கத்துத் தெரு அருணாச்சலம் சொல்லித்தான் தெரிந்தது. வாக்கிங் போய்விட்டு வந்து ஒரு வாய் குடித்த மனுஷன், இரண்டு நாளாக நம் தெருப்பக்கமே வரவில்லை.

வீட்டை விட்டுவிட்டு ஒரு வருஷம் அங்கே இருக்கப் போகிறாயா? ஊரான் வீட்டு அலமாரியைத் திறந்து காட்டுவதற்கு நம் வீட்டைப் பூட்டி வைக்க வேண்டுமா? நீ கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. தை பிறக்கும்போது நீ இங்கே இருக்க வேண்டும். இதற்கு மேல் பேச்சில்லை.

ஆனால் இன்னொரு விஷயத்தில் பேச்சு இருக்கிறது. யார் அந்தப் பாட்டி? சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்களா, இல்லை சும்மா வந்து உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் ஏசுகிறதா? வயசான காலத்தில் கொஞ்சம் பேசத்தான் செய்வார்கள், அது தெரியும். ஆனால் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை ஒட்டுமொத்தமாகக் கேலி செய்ய யார் அதிகாரம் கொடுத்தது? இதையும் கேட்டுக்கொண்டு நீ பல்லைக் காட்டியிருக்கிறாய்!

முறைப்படி ஒரு மனு இணைத்திருக்கிறேன். அவரிடம் கொடு. படிக்கத் தெரியாது என்றால் படித்துக் காட்டு.

பக்தவத்சலம்

இணைப்பு:

பெறுநர்: பாட்டி அவர்கள், விதை பங்களா வாசல், கேம்ப், புனே.
பொருள்: ஓய்வு பெற்ற ஆண்களைப் பற்றித் தாங்கள் தெரிவித்துவரும் கருத்துகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர், குறை சொல்பவன் இல்லாவிட்டால் எந்தக் கட்டடமும் நிற்காது என்பதை என் பணி அனுபவத்தில் கண்டவன் நான். தாங்கள் வயதில் மூத்தவர் என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். மேற்படி கருத்தைத் திரும்பப் பெறுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

விஷ்ராந்த்வாடி
17.11.2025

ஏனுங்க,

உப்பு பச்சை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில். வெள்ளை மூடி சோடா உப்பு. அருணாச்சலம் அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மனுவை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே என்னுடன் வேலை செய்கிற கெசியா என்ற பெண்ணிடம் காட்டினேன். கேம்ப்பிலேயே நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், சர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு. எழுதிய தமிழ் அவளுக்குத் தடவித் தடவித்தான் வரும். நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அங்கிள் ஏக்தம் சீரியஸா ஆன்ட்டி? பாட்டிக்கே லெட்டரா! சலோ, போயி பாட்டி முன்னாடி வாசிங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வாசித்தேன், உரக்கவே. பாட்டி அசைந்து கொடுக்கவில்லை. எந்தக் கருத்தையும் திரும்பப் பெறுவதாகவும் தெரியவில்லை. மழையோ வெயிலோ, அதே இடத்தில் அப்படியே நிற்கிறது. வருகிறவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். சிலர் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தை பிறக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். 'நீ இல்லாததால் எந்தக் குறையும் இல்லை' என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். எது உண்மை என்று முடிவு செய்து எழுதுங்கள்.

போன ஞாயிறு முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு விதையை வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். நான் பேசுவதைக் கேட்க அத்தனை பேர் மூச்சு விடாமல் நிற்கிறார்கள் என்பது எனக்குப் புதுசு. வீட்டுக்கு வந்த பிறகும் ரொம்ப நேரம் சந்தோஷமாக இருந்தது.

மல்லிகா

பீளமேடு
24.11.2025

மல்லிகா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உப்பு சரியாக இருந்தும் இறங்கவில்லை.

மழையிலும் வெயிலிலும் ஒரு வயசான அம்மாவை நிற்க வைத்திருக்கிறார்களா? வேடிக்கைப் பொருள் மாதிரிப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்களா? நீயும் அந்தப் பெண்ணும் அவர் முன்னால் நின்று சிரித்துக்கொண்டு என் மனுவை வாசித்தீர்களா? வெட்கமாக இல்லை? நான் கோபத்தில் நாலு வரி எழுதினேன், உண்மைதான். அவர் நிலைமை தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா? நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தால் யாருக்குத்தான் வாய் நீளாது! காது கேட்கவில்லையோ என்னவோ, பாவம். ஒரு நாற்காலி போட்டால் அந்தப் பங்களா இடிந்துவிடுமா? பாரம்பரியம் என்று கல்லையும் ஓட்டையும் காப்பாற்றுகிறவர்களுக்கு ஒரு மனுஷி கண்ணுக்குத் தெரியவில்லை.

இதை எழுதித் தீர்க்க முடியாது. நேரில் வருகிறேன். குர்லா எக்ஸ்பிரஸில் டிசம்பர் இரண்டாம் வாரம் டிக்கெட் போட்டுவிட்டேன். உன்னைக் கூட்டிப்போக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தம்மாவுக்கு ஒரு வழி பண்ணத்தான் வருகிறேன். நீ வருவதானால் கூட வரலாம்.

டிசம்பரில் அங்கே குளிர் கடுமை என்று அருணாச்சலம் சொன்னார். கிராஸ்கட் ரோட்டுக்குப் போய் ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கினேன். அளவு தெரியாததால் கொஞ்சம் பெரிசாகவே வாங்கியிருக்கிறேன். நிர்வாகியின் பெயர், பதவி, முகவரி எல்லாம் எழுதி அனுப்பு.

பக்தவத்சலம்

விஷ்ராந்த்வாடி
29.11.2025

ஏனுங்க,

கோபப்படாமல் படியுங்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

மராட்டியில் பாட்டி என்றால் பலகை. அறிவிப்புப் பலகை. 'உள்ளே வராதே', 'வண்டி நிறுத்தாதே' என்று எழுதி வைப்பார்களே, அதுதான். இந்த ஊர்க்காரர்கள் அதைக் குத்தலும் கிண்டலுமாக எழுதுவதில் பேர்போனவர்கள். புணேரி பாட்டி என்று அதற்குப் பெயரே உண்டு. விதை பங்களா வாசலில் நிற்பது பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பலகை. அதற்குக் குளிராது.

முதல் கடிதத்தில் நான் வேண்டுமென்று எழுதவில்லை. இங்கே எல்லோரும் பாட்டி பாட்டி என்று சொல்லிச் சொல்லி என் வாயிலும் அதுவே வந்துவிட்டது. வந்த புதிதில் நானும் ஏமாந்தேன். கெசியா என்னிடம், "டென்ஷன் நக்கோ, வேணாம் ஆன்ட்டி, எல்லாம் பாட்டியே சொல்லிடுச்சு" என்றபோது, எந்தப் பாட்டி என்று பங்களாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆனால் உங்கள் மனு வந்த பிறகு எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் சொல்லாமல் விளையாடினேன். சிரிப்பாக இருந்தது. அது மட்டுமில்லை, அந்தக் கோபத்திலாவது கிளம்பி வருவீர்கள் என்று ஒரு நப்பாசை.

ஸ்வெட்டர் என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. முகம் தெரியாத ஒரு கிழவிக்காகக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும், வெளியில்தான் முள். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூனிலிருந்து நானும் இதே ஊரில்தான் இருக்கிறேன். இதே குளிர்தான் எனக்கும். உனக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று ஒரு வரி கேட்டீர்களா? பலகைமேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்றால் யாராவது நம்புவார்களா!

அதனால் இப்போதே சொல்லிவிட்டேன். வந்து இறங்கிய பிறகு தெரிந்தால் இன்னும் அவமானமாக நினைப்பீர்கள். பாட்டிக்காக வருவதானால் வர வேண்டாம், டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். எனக்காக வருவதானால் வாருங்கள். இரண்டில் எது என்று எழுதக்கூட வேண்டாம். வந்தால் தெரிந்துகொள்வேன்.

நிர்வாகி அம்மாளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மல்லிகா

விஷ்ராந்த்வாடி, நிர்மல் வீடு, ஹால்
14.12.2025, ஞாயிறு

பெறுநர்: வழிகாட்டி அவர்கள், பக்கத்து அறை.
பொருள்: இன்று காலை நடந்த தமிழ்ச் சுற்றில் எனக்கு ஏற்பட்ட மனக்குறை தொடர்பாக.

மல்லிகா,

வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதிலிருந்து நீயும் நானும் மீனு வழியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். "தாத்தாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு", "போதும்னு சொல்லு." குழந்தை பாதியைத் தமிழில் கேட்டு மீதியை இந்தியில் சொல்கிறாள். எனக்கு வேண்டிய தோசை வந்து சேரவே இல்லை. நேரில் பேச ஆரம்பித்தால் நான் கத்திவிடுவேன். ஆகையால் எழுதுகிறேன்.

நீ காலையில் கிளம்பிய பிறகு உனக்குத் தெரியாமல் ஆட்டோ பிடித்து வந்தேன். முதலில் பாட்டியைப் பார்த்தேன். பலகைதான். எழுத்து கோணாமல் நேராக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண் கெசியா ஓடிவந்து, "அங்கிள், பாட்டியப் பாக்க வந்தீங்களா?" என்றாள். வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். ஆபீஸ் ரூமில் என் மனுவைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்! கோபம் வரும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. வாழ்நாளில் நான் எழுதிய மனுக்களில் யாரோ மதித்து மாட்டி வைத்தது அது ஒன்றுதான்.

பிறகு கூட்டத்தின் கடைசியில், தூணுக்குப் பின்னால், குரங்குத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். நீ பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். ஒரு விநாடி தடுமாறினாய். அப்புறம் நீ என்னைச் சட்டையே செய்யவில்லை. ஒரு சின்னப் பையன் "ஆன்ட்டி, இந்த விதை இப்போ முளைக்குமா?" என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது கண்ணு, போட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றாய். தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் தலை நிமிர்ந்து சொல்ல எனக்கு வராது. நீ நன்றாகச் செய்தாய், மல்லிகா. ரொம்ப நன்றாகச் செய்தாய். கலர்க் கண்ணாடி வெளிச்சம் உன் புடவையில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவரிடம், "அது என்ற வீட்டுக்காரிங்க" என்று சொன்னேன். "அப்படீங்களா, குடுத்து வெச்சவருங்க" என்றார். அவரும் கோயம்புத்தூர்தான்.

இப்போது குறைக்கு வருகிறேன். கடைசியில் "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றாய். நான் கை தூக்கினேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "நேரமாயிருச்சு, எல்லாரும் தோட்டத்தைப் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாய். அதற்கு முன் கேட்ட அத்தனை பேருக்கும் பதில் சொன்னவள், எனக்கு மட்டும் நேரமில்லை என்றாய். தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் தொப்பியைச் சரி செய்வது போலப் பாவனை செய்தேன்.

ஏன் என்று எனக்குப் புரிகிறது. மேல் உத்தரத்தில் வயரிங் கன்னாபின்னாவென்று போயிருக்கிறது, அதைத்தான் கேட்கப் போகிறேன், எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கப் போகிறேன் என்று பயந்துவிட்டாய். வயரிங் தப்புதான். அதற்கு நிர்வாகிக்குத் தனி மனு போகிறது. ஆனால் நான் கேட்க நினைத்தது அது இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்த பார்வையாளர் ஒருவர் கேட்க நினைத்தது இது: இந்த அம்மா அடுத்த வருஷமும் இங்கே இருப்பாரா? இருப்பார் என்றால், அந்தப் பார்வையாளர் தன் திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டியிருக்கிறது. அருணாச்சலத்துக்கும் போன் செய்து, சாவியை அவரே வைத்துக்கொள்ளட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில் எழுத்தில் வேண்டும்.

பக்தவத்சலம்

பின்குறிப்பு: ஸ்வெட்டர் உன் கட்டில் மேல் இருக்கிறது. புதுசு. உன் கடிதம் வந்த அன்றே போய்ப் பழையதைக் கொடுத்து மாற்றினேன். உன் அளவு எனக்குத் தெரியும்.

அதே வீடு, பக்கத்து அறை
அதே நாள், சாயங்காலம்

ஏனுங்க,

மனு கிடைத்தது. கொண்டுவந்து கொடுத்த மீனு, "தாத்தா அங்க உட்கார்ந்து கதவையே பாத்துட்டு இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வயரிங் என்றுதான் நினைத்தேன். நீங்கள் கை தூக்கியதும் ஓடித் தப்பித்துவிட்டேன். பார்வையாளரை அப்படி நடத்தியது தப்புதான்.

நமக்குக் கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷமாகிறது. சாவி எங்கே, சாப்பாடு ஆச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா என்று எத்தனையோ கேட்டிருக்கிறீர்கள். மாற்றல் வந்த ஊருக்கெல்லாம் 'கிளம்பு' என்றீர்கள், கிளம்பினேன். 'இரு' என்றீர்கள், இருந்தேன். 'இருப்பாயா?' என்று நீங்கள் கேட்டது இன்றைக்குத்தான். அதை நாலு தடவை படித்துவிட்டேன். அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. அதனால்தான் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

பதில்: இருப்பேன்.

நிர்வாகி அம்மாளுக்கு இப்போதுதான் போன் செய்து சொன்னேன். நீங்கள் அருணாச்சலம் அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள். அடுத்த ஞாயிறு தூணுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம். முன்னால் வந்து நின்று கை தூக்குங்கள், பார்க்கிறேன்.

மல்லிகா